பாஞ்சாலிக்கு நாற்பத்தொன்று போட்ட கதை

எண்பத்து நாலாம் வருஷம் மே மாதம், எம்.ஏ. சமூகப்பணி முதலாண்டு முடித்த கையோடு, என்னையும் ராஜாக்கண்ணுவையும் ஜவ்வாது மலைமேல் ஆறு வாரக் களப்பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்து திரும்பியதும் ‘நான் கற்றுக்கொண்டது என்ன’ என்று பேராசிரியர்கள் முன்னால் நின்று ஆளுக்குக் கால்மணி நேரம் பேச வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. ராஜாக்கண்ணு போகிற வழியில் பஸ்ஸிலேயே அந்தப் பேச்சுக்குக் குறிப்பெழுத ஆரம்பித்துவிட்டான். மலையை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் கற்றுக்கொண்டாயிற்று! அப்படிப்பட்ட ஆள் அவன்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் பேர் கன்னியம்மாள். சந்தவாசல்காரி. அடிவாரத்துப் பெண் என்பதால் மலைக்காரர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு மிதப்பு. தை பிறந்தால் எங்கள் பக்கத்து நெல் அறுப்புக்கு அவர்கள் கும்பலாக இறங்கி வருவார்கள். களத்துமேட்டிலேயே பொங்கித் தின்று, ஊர் ஊராக அறுத்துக்கொண்டே போய், மூன்று மாதம் கழித்து மலையேறுவார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்களுக்குக் கொடுத்த ஊர் புளியங்கொல்லை. தொண்ணூற்று நாலு வீடு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து எட்டு மைல் நடை. ராஜாக்கண்ணுவுக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரம். எனக்குக் கூட்டுறவு சொசைட்டிக் கிடங்கு, கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவே. கிடங்கை ஒட்டி பாஞ்சாலி வீடு. முதல் நாள் சாயங்காலம் நான் சாமை பொங்கினேன். கல் அரிக்கத் தெரியாது. பாஞ்சாலி வந்து ஒரு வாய் அள்ளிப் போட்டாள், துப்பினாள், பானையோடு தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்கு ஊற்றிவிட்டாள்.

“இத்தத் தின்னா பல்லு போவும். காலேஜு படிக்குதாம், கல்லு அரிக்கத் தெரியல. எங்க வூட்ல வந்து துண்ணு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பசியும் வந்ததால் போனேன். அன்றிலிருந்து ஆறு வாரமும் எனக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு.

பாஞ்சாலி ஒல்லி. கன்னம் ஒட்டிப்போய், முன்பல் ஒன்று இல்லாமல், காதோரம் நரை ஓடியிருந்தது. பொழுது விடியுமுன் ஓடைக்குப் போய் நாலு நடை தண்ணீர் கொண்டு வருவாள். அப்புறம் கொல்லையில் களை, காட்டில் விறகு, புளி சீசனில் புளி உலுக்கல், கடுக்காய் சீசனில் கடுக்காய். ஏழு பிள்ளைகள். மூத்தவள் அம்சவல்லிக்குப் பதினாறு, கடைக்குட்டிக்கு மூன்று. புருஷன் சடையன் நல்ல மனுஷன், ஆனால் வாயே திறக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து இவள் பேசுவாள். என் குடையைப் பார்த்தால் சிரிப்பு, நான் செருப்போடு பாறையில் தடுமாறினால் சிரிப்பு. நான் அவளை ‘அம்மா’ என்று கூப்பிட்டபோதெல்லாம்கூடச் சிரித்தாள். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவள் பிள்ளைகளில் எனக்கு ஒட்டிக்கொண்டது பச்சையம்மா. ஏழு வயது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வருவது அபூர்வம். சாயங்காலமானால் பச்சையம்மா கிடங்குக்கு வந்து உட்காருவாள். தரையில் கரியால் எழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாலாவது வாரத்தில் மூட்டைமேல் இருந்த ‘கடுக்காய்’ என்ற எழுத்தைத் தானே கூட்டிப் படித்தாள். பாஞ்சாலி ஓடி வந்து அந்த மூட்டையையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

எங்கள் பயிற்சியில் பெரிய வேலை வீட்டு வீட்டுக் கணக்கெடுப்பு. மலையில் பிறப்புச் சான்று யாரிடம் இருக்கிறது? பேராசிரியர் வகுப்பில் ஒரு வழி சொல்லியிருந்தார். வயதைக் கேட்காதே, பிறந்த வருஷம் ஊரில் என்ன நடந்தது என்று கேள், பெருமழையா, மாட்டுச்சாவா, ரோடு போட்டார்களா, அதை வைத்து வருஷத்தைப் பிடி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் மூன்று வீட்டுக்கே இரண்டு நாள் பிடித்தது. வயது எத்தனை என்று நேராகக் கேட்டாலோ ஊர் முழுக்க ஒரே பதில்: “நீயே பாத்து போட்டுக்கமா.”

ராஜாக்கண்ணு மூன்றாம் நாள் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தான். பொம்பளை என்றால் அடிப்படை இருபது வயது. பெற்ற பிள்ளை ஒன்றுக்கு மூன்று வருஷம் கூட்டிக்கொள். வயது வந்துவிடும். ஒரு வீட்டுக்குக் கால்மணி நேரம்!

“தப்பா இருந்தா?” என்றேன்.

“யாரு வந்து பாக்கப் போறாங்க கன்னி?” என்றான்.

எனக்கும் கால் வலி. சரி என்றேன். அந்த ‘சரி’யை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பாஞ்சாலி வீட்டுப் படிவத்தை நான்தான் எழுதினேன். அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

“எத்தினி புள்ள பெத்தமா?”

“ஏழு. தெரியாத மாதிரி கேக்கற!”

இருபதோடு இருபத்தொன்று. நாற்பத்தொன்று என்று எழுதினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

நாலாவது வாரம் கணக்கெடுப்பின் நகலை மலைமேல் இருந்த அலுவலகத்தில் கொடுத்தோம். அதிகாரி ஆதிநாராயணன் எங்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார். இந்த ஊர்களுக்கு ஒரு ரெக்கார்டும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தோம், நல்ல காரியம் செய்தீர்கள் என்றார். ஐந்தாவது வாரம் புளியங்கொல்லைக்குப் பால்வாடி வருகிறது என்று செய்தி வந்தது. ஆயா வேலைக்கு அதே ஊர்ப் பெண் வேண்டும். வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. பாஞ்சாலி எனக்குக்கூடச் சொல்லாமல் அலுவலகத்துக்கு நடந்து போய், கைநாட்டு வைத்து மனு கொடுத்தாள். நாலாம் நாள் மனு திரும்பி வந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேரே கிடங்குக்கு வந்தாள். நான் படித்துச் சொன்னேன். கணக்கெடுப்புப்படி வயது 41, தகுதியில்லை.

“நாப்பத்தொண்ணுன்னா ரொம்பவா?” என்றாள்.

“ரொம்பதான்.”

“ஒனக்கு எத்தினி?”

“இருவத்திரண்டு.”

“ஒன்னவிட நான் மூணு மழைக்கு மூத்தவளா இருப்பேன். அவ்ளோதான். நான் மூங்கி பூத்த வருசத்துல பொறந்தவ. மூங்கி அரிசி பொங்கித்தான் எங்கம்மாளுக்குப் பத்தியச் சோறு போட்டாங்க. இந்த நாப்பத்தொண்ணு யாரு எழுதனது?”

நான்தான் என்று சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“அப்டியா கீறேன் நானு?” என்றாள்.

எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. மூன்று வயது மூத்தவளைப் போய் நான் ‘அம்மா’ என்று கூப்பிட்டிருக்கிறேன்!

“இந்த வேல கெடச்சா தையில கீழ எறங்க வேணாம் கன்னி” என்றாள் பாஞ்சாலி. “போன வருசம் அறுப்பு முடிச்சுட்டு வந்து பாத்தா, சின்னவன் எலும்பா கெடந்தான். என்னியே அவனுக்கு அடையாளம் தெரியல. மூணு மாசம் வுட்டுட்டுப் போறது நெஞ்சுல ஏறி மிதிக்கற மாதிரி கீது. எனக்கு அந்த வேல வேணும்.”

“வாங்கித் தர்றேங்க்கா” என்றேன். அதுவரை வராத ‘அக்கா’ அப்போது தானாக வந்தது.

மறுநாள் மலையிறங்கி வேலூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்து அமிர்தி ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன். மூங்கில் பூத்தால் காட்டிலாகாவில் எழுதி வைத்திருப்பார்கள் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். சேட்டு என்று ஒரு வனவர், பொறுமைசாலி, பழைய நோட்டுகளைத் தூசி தட்டித் தேடினார். ஐம்பத்தொன்பதாம் வருஷம் புளியங்கொல்லைச் சரிவில் மூங்கில் முழுக்கப் பூத்துக் காய்ந்தது என்று ஒரு வரி இருந்தது. அதை முத்திரையோடு எழுதி வாங்கிக்கொண்டேன். ஐம்பத்தொன்பது என்றால் வயது இருபத்தைந்து. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாதி மலை ஏறியபோதுதான் உறைத்தது. இவளுக்கு இருபத்தைந்து, அம்சவல்லிக்குப் பதினாறு. அப்படியானால் ஒன்பது வயதிலா பெற்றாள்?

போனதும் போகாததுமாக அதைக் கேட்டேன். பாஞ்சாலி சட்டென்று என் கையைப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

அம்சவல்லி முதல் பச்சையம்மா வரை ஐந்தும் அவளுடைய அக்கா பிள்ளைகள். பச்சையம்மாவைப் பெற்றுப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் அக்கா செத்துப்போனாள். பதினெட்டு வயதுப் பாஞ்சாலியை அதே சடையனுக்குக் கட்டி வைத்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம். தாலி கட்டியதும் பெண்ணை உட்கார வைத்து, செத்தவளுடைய பிள்ளைகளை ஒவ்வொன்றாக அவள் மடியில் ஏற்றுவார்கள். மடியேறிய பிள்ளை அவள் பெற்ற பிள்ளை. அதற்கப்புறம் ‘அக்கா பிள்ளை’ என்று யார் வாயிலிருந்தாவது வந்தால், ஊருக்குத் தெண்டமாகக் கோழியும் ஒரு படி உப்பும் கொடுக்க வேண்டும். ஏழு வருஷமாக யாரும் கொடுத்ததில்லை. ஏனென்றால் யாரும் சொன்னதில்லை.

“பெரிசுங்க நாலுத்துக்கும் தெரியும். பச்சக்குத் தெரியாது. மடியில ஏத்தும்போது அவ துணியில சுத்துன பச்ச மண்ணு. என்னத்தான் பாத்தா. என் வாயால வேற எவங்கிட்டயும் இது வராது, ஒன் வாயாலயும் வரக்கூடாது. அம்சா எத்தினி வயசுன்னு அவுங்க கேக்கவா போறாங்க? மூங்கி பேப்பர மட்டும் காட்டு.”

நான் தலையாட்டினேன்.

ஆறாவது வாரம், மனு கொடுக்கக் கடைசி நாளன்று அலுவலகத்துக்குப் போனோம். பச்சையம்மாவும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். ராஜாக்கண்ணு வர மறுத்துவிட்டான். “சூத்திரத்த மட்டும் சொல்லிடாத கன்னி, நம்ம பயிற்சியே போயிடும்” என்று கெஞ்சினான். நான் சொல்லிவிட்டேன். அந்த வயது எங்கள் சோம்பேறித்தனத்தில் வந்தது, ஊர் முழுக்கவே அப்படித்தான் எழுதினோம் என்று ஆதிநாராயணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷருக்கு முகம் கறுத்தது. ஆனாலும் அமிர்திக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். பிறகு எங்கள் படிவத்தையே எடுத்து விரித்தார்.

“மூத்த பொண்ணுக்குப் பதினாறுன்னு போட்டிருக்கீங்களே. ஒம்போது வயசுலயாம்மா பெத்த?” என்று பாஞ்சாலியைக் கேட்டார்.

பாஞ்சாலி தரையைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. “பச்ச, வெளிய ஜீப் நிக்குது பாரு, போய்ப் பாத்துட்டு வா” என்று அந்தப் பெண்ணை அனுப்பினேன். அவள் வாசல் தாண்டியதும் சொல்லிவிட்டேன். ஐந்து பிள்ளைகள் அக்காவுடையவை, இவள் பெற்றது இரண்டுதான் என்று.

பாஞ்சாலி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆதிநாராயணன் முகம் தெளிந்தது. கெட்டவர் இல்லை அவர். வேலையைக் கொடுத்துவிடத்தான் பார்த்தார்.

“அப்ப சுலபம். ஒரே வரி எழுதறேன். ‘ஏழில் இரண்டுதான் நான் பெற்றது, மற்ற ஐந்து இறந்துபோன என் அக்காவின் பிள்ளைகள்.’ கைநாட்டு வெச்சுடு. ஆட்சேபணை இருக்கான்னு கேட்டு பத்து நாள் இங்க செவுத்துல ஒட்டுவோம். அப்புறம் ஆர்டர்.”

எழுதி முடித்து மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். ஜன்னல் வழியாக ஜீப்பைச் சுற்றிக்கொண்டிருந்த பச்சையம்மா தெரிந்தாள். பாஞ்சாலி அங்கே ஒரு தடவை பார்த்தாள்.

“அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றாள், என்னைக் காட்டி. “ஏழும் நான் பெத்ததுதாங்க.”

“அப்படின்னா உன் வயசு?”

“அதுல எழுதிக்கீதே, அதாங்க. நாப்பத்தொண்ணு.”

“வேலை கிடைக்காதும்மா.”

“வேணாங்க” என்றாள் பாஞ்சாலி. நாற்பத்தொன்று என்று இருந்த மனுவின் கீழே, தன் கையாலேயே பெருவிரலை அழுத்தி வைத்தாள்.

திரும்பும் வழியில் பச்சையம்மா முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். நான் வாய்க்கு வந்தபடி பாஞ்சாலியைத் திட்டினேன். கையில் வந்ததைத் தட்டிவிட்டாயே, பைத்தியமா உனக்கு, அந்தப் பெண்ணைத்தான் வெளியே அனுப்பிவிட்டேனே, ஒரு வரிதானே, யார் காதில் விழப் போகிறது என்று கத்தினேன். அவள் இரண்டு மைல் விறுவிறுவென்று நடந்தாள். அப்புறம் நின்றாள்.

“வாயில சொன்னா காத்தோட பூடும் கன்னி. செவுத்துல ஒட்றேன்றாரே. காயிதக் கட்டுல போட்டு வெப்பாங்களே. நாளைக்கு இவ வந்து படிப்பா. எழுத்து கத்துக் குடுத்தவளே நீதான, ஒனக்கே அது தெரியல?”

எனக்கு அழுகைதான் வந்தது. “தெண்டக் கோழிய ஒங்கிட்ட வாங்காம வுட மாட்டேன்” என்று அவளேதான் என்னைத் தேற்றினாள்.

ஜூலையில் கல்லூரியில் எங்கள் முறை வந்தது. ராஜாக்கண்ணு பிரமாதமாகப் பேசினான். வயதுவாரியாகக் கட்டம் போட்ட அட்டையைக் காட்டினான், பாராட்டினார்கள். அடுத்து நான். நான் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டார்கள். அந்த அட்டையில் இருப்பது பொய் என்று சொன்னேன். எப்படிச் செய்தோம், அதனால் ஒருத்திக்கு என்ன போயிற்று என்று சொன்னேன். ஐந்து பிள்ளைகள் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. இரண்டு பேருடைய பயிற்சியும் செல்லாது, அடுத்த மே மாதம் மறுபடியும் ஆறு வாரம் என்று தீர்ப்பாயிற்று. ராஜாக்கண்ணு ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது.

ஊரில் வேறு யாரும் மனு கொடுக்கவில்லை என்று ஆயா வேலை அடிவாரத்துப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. எட்டு மைல் நடக்க முடியாமல் வாரத்தில் மூன்று நாள் வந்து போனாளாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எங்கள் சித்தப்பா வயலில் மலையாட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் குனிந்திருந்த பாஞ்சாலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவளே பார்த்துவிட்டாள்.

“இன்னா கன்னி, வயசு எழுத வந்தியா?” என்று வயல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். கரையேறி வந்து, இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்தாள். “நேத்து எங்கூர் ஆளு ஒருத்தன் எறங்கி வந்தான், அவங்கிட்ட பச்ச குடுத்து வுட்டுக்கீறா. இன்னா எழுதிக்கீறா, படி.”

கரியால் எழுதியிருந்தது. எழுத்து கோணல், துணைக்கால் பாதி இல்லை. நான் படித்தேன்.

“‘அம்மா எப்ப வருவ. பச்சை.’”

“இன்னொரு தபா படி” என்றாள். மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் காகிதத்தை மறுபடி முடிந்துகொண்டு அரிவாளோடு வரிசைக்குப் போய்விட்டாள்.

மே மாதம் மறுபடியும் புளியங்கொல்லைக்குப் போனேன், தனியாக. தெண்டக் கோழியையும் உப்பையும் சந்தவாசலிலிருந்தே கொண்டுபோய் ஊரில் கொடுத்தேன். எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை; வாங்கிக்கொண்டார்கள். தொண்ணூற்று நாலு வீட்டிலும் உட்கார்ந்து, மழையையும் மாட்டுச்சாவையும் மூங்கிலையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஆறு வாரம் போதவில்லை, எட்டு வாரம் ஆயிற்று.

இந்தத் தடவை என் கணக்கெடுப்பைப் பேராசிரியர் வரி வரியாகப் பார்த்தார். ஒரே ஒரு வீட்டில் சிவப்பு மையால் வளையம் போட்டிருந்தார். பாஞ்சாலி, வயது 26. பெற்ற பிள்ளைகள் 7. மூத்த பிள்ளையின் வயது 17. பக்கத்தில் ‘தவறு, சரிபார்க்கவும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு எண்ணையும் நான் மாற்றவில்லை. ‘நேரில் சரிபார்த்தேன், மூன்றும் சரி’ என்று அதன் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.